முடிச்சை மறந்த நூல்

கிழிந்த குடலை எறும்புகள் தைத்த காலம் ஒன்று இருந்தது. சுசுருத சம்ஹிதையில் அந்தச் சிகிச்சை எழுதப்பட்டிருக்கிறது. குடலில் விழுந்த ஓட்டையின் இரு விளிம்புகளையும் வைத்தியர் ஒன்றுசேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெரிய கறுப்பு எறும்புகள் ஒவ்வொன்றாக அந்த விளிம்பின் மேல் விடப்பட்டன. எறும்பு தன் தாடைகளால் நறுக்கென்று கவ்வியதும், வைத்தியர் அதன் உடம்பைக் கிள்ளி எறிந்தார். தலை மட்டும் பிடியை விடாமல் அங்கேயே நின்றது. இப்படி வரிசையாகத் தலைகள் நின்றபின் குடலை உள்ளே தள்ளி, வயிற்றை நூலால் தைத்து மூடினார். கவ்வியது தங்கியது, தொங்கியது போயிற்று. அந்தத் தொங்கலைக் கிள்ளாமல் விட்டால் என்ன நடக்கும் என்று மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தி, 2011-ஆம் ஆண்டில்.

எறும்பின் காலத்திலேயே நூலும் இருந்தது. பட்டு, சணல், மரநார், மயிர் என்று கைக்குக் கிடைத்தவற்றால் எல்லாம் தைத்தார்கள். பெர்கமம் நகரத்தில் வாட்போர் வீரர்களின் காயங்களைத் தைத்துப் பழகிய கேலன், விலங்குக் குடலைத் திரித்த நூலையும் பயன்படுத்தினார். கி.பி. 1000-ஐ ஒட்டி கோர்டோபாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி, குடலைத் தைக்கக் குடலிலிருந்தே மெல்லிய இழையைச் சுரண்டி எடுத்தார். எந்த நூலானாலும் ஒரே தொல்லை. உள்ளே போன நூலைச் சுற்றிச் சீழ் பிடித்தது. அதனால் 19-ஆம் நூற்றாண்டின் பாதிவரைகூட, ரத்தக்குழாயைக் கட்டிய நூலின் ஒரு நுனியைக் காயத்துக்கு வெளியே வால்போலத் தொங்கவிட்டார்கள். உள்ளே சதை அழுகி முடிச்சு கழன்றதும், வாலைப் பிடித்து இழுத்து எடுப்பதற்காக. சிலருக்கு அப்படி இழுத்த நாளிலேயே ரத்தக்குழாய் திறந்துகொண்டு உயிர் போயிற்று. அந்த வாலை வெட்ட ஒருவர் துணிய வேண்டியிருந்தது.

துணிந்தவர் ஜோசப் லிஸ்டர். காயங்களுக்குக் கார்பாலிக் அமிலம் தடவிச் சீழை அடக்கிக் காட்டியவர். நூலையும் அதே அமிலத்தில் ஊறவைத்தால் வால் எதற்கு என்று அவர் கேட்டார். 1867-இல் ஒரு குதிரையின் கழுத்து ரத்தக்குழாயைப் பட்டு நூலால் கட்டி, நுனிகளை ஒட்ட வெட்டிக் காயத்தை மூடினார். சீழ் பிடிக்கவில்லை. ஆனால் பட்டு அப்படியே உள்ளே கிடந்தது. அடுத்த ஆண்டின் கடைசி நாளில் ஒரு கன்றுக்குட்டிக்கு ஆட்டுக்குடல் நூலால் கட்டுப் போட்டார். ஒரு மாதம் கழித்து அந்த இடத்தைத் திறந்து பார்த்தபோது, நூல் இருந்த இடத்தில் உயிருள்ள சதை வளையம்தான் தெரிந்தது. நூலை உடம்பே உண்டு தீர்த்திருந்தது.

கேட்கட் என்று பெயர் பெற்ற அந்த நூலுக்கும் பூனைக்கும் சம்பந்தமில்லை. ஆட்டின், மாட்டின் குடல்தான் அது. நூறு ஆண்டுகள் உலகத்தின் அறுவை அரங்குகளை அது ஆண்டது. பிறகு தொழிற்சாலை இழைகள் வந்தன. 1970-இல் டெக்ஸான், 1974-இல் விக்ரில், 1980-களில் பாலிடையாக்சனோன். எத்தனை நாளில் கரைய வேண்டும் என்று தீர்மானித்தே இவற்றைத் தயாரித்தார்கள். நூல் இவ்வளவு மாறியும் ஒன்று மட்டும் எறும்புக் காலத்திலிருந்து மாறவில்லை. தைத்து முடித்த கை, கடைசியில் முடிச்சுப் போட்டாக வேண்டும்.

தமிழில் முடிச்சும் முடிவும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். நூல் எங்கே முடிகிறதோ அங்கே முடிச்சு விழுகிறது. தையற்காரருக்குத் தெரிந்த இந்த விஷயத்தில் அறுவை மருத்துவருக்குச் சங்கடங்கள் இருந்தன. நூலின் வலுக் குறைந்த இடம் முடிச்சுதான். அறுந்தால் பெரும்பாலும் அதனருகில்தான் அறுந்தது. உடம்புக்குள் போகும் அந்நியப் பொருள் குவியலாகக் கிடப்பதும் அங்கேதான். தவிர, தொடர் தையலில் ஒரு முடிச்சு நெகிழ்ந்தால் தையல் முழுவதும் தளர்ந்தது. முடிச்சே இல்லாமல் தைக்க முடியுமா என்ற கேள்வி 1950-களில் ஓர் அமெரிக்கரின் மனத்தில் விழுந்தது.

ஜான் அல்காமோ என்பது அவர் பெயர். 1956-இல் அவர் காப்புரிமைக்கு மனுச் செய்தார், 1964-இல் கிடைத்தது. அவர் வரைந்து காட்டிய நூலின் உடம்பெங்கும் சிறு சிறு முட்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை. வயல் வரப்பில் நடந்து வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூண்டில் முள்ளும் இதே சூழ்ச்சிதான்: போகும் திசையில் வழுக்கிப் போகும், வரும் திசையில் விடாது. ஊசி முன்னே செல்ல, முட்கள் மடிந்து நூல் சதைக்குள் சுகமாக நுழையும். பின்னால் இழுத்தால் ஒவ்வொரு முள்ளும் விரிந்து சதையைப் பற்றிக்கொள்ளும். நூல் நெடுக நூறு பிடிகள் இருக்கும்போது கடைசியில் ஒரு முடிச்சு எதற்கு?

1967-இல் மெக்கன்ஸி என்ற மருத்துவர் இதே வழியில் போனார். கை விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுந்தால் தைப்பது பெரும்பாடு. தைத்த இடத்தில் முடிச்சு துருத்திக்கொண்டால் தசைநாண் தன் உறைக்குள் வழுக்கிப் போகாது, விரல் மடங்காது. அவர் நைலான் இழையில் முட்கள் செதுக்கி, நாயின் தசைநாணைத் தைத்துப் பார்த்தார். பிடித்தது. ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. அதோடு சரி. இருபது ஆண்டுகளுக்கு மேல் முள்நூலை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. மயிரிழை பருமனுள்ள நூலில் முள் செதுக்கினால் நூலின் நடு மெலிந்து அறுந்தது என்பது ஒரு காரணம். ஆழமான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. வயிற்றை அகலத் திறந்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டு வேலை செய்த மருத்துவருக்கு முடிச்சுப் போடுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் காரியம். முடிச்சு ஒரு துன்பமாக மாறும்வரை இந்த நூலுக்குத் தேவை பிறக்காது. துன்பத்தைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியில் இருந்தார்.

குர்ட் ஸெம் ஒரு மகளிர் நல மருத்துவர். கருவி செய்யும் தொழிலும் தெரிந்தவர். 1970-இல் கீல் பல்கலைக்கழக மகளிர் மருத்துவமனையின் தலைமைக்கு வந்தார். வயிற்றில் சிறு துளையிட்டு, வாயுவை நிரப்பி, குழாய்வழியாக உள்ளே பார்ப்பது அப்போதே தெரிந்த வித்தைதான். பார்ப்பதோடு நிற்காமல் உள்ளேயே வெட்டவும் தைக்கவும் வேண்டும் என்று அவர் கிளம்பியபோது, கூட வேலை பார்த்தவர்கள் அவருடைய மூளையைப் படமெடுத்துப் பார்க்கும்படி வற்புறுத்தினார்கள். அவர் அதற்கும் உடன்பட்டார். வயிற்றுக்குள் வாயுவைத் தானே அளந்து செலுத்தும் கருவி, நீளமான இடுக்கிகள், இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறு என்று ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்தார். 1980 செப்டம்பர் 13 அன்று, வயிற்றைத் திறக்காமலே ஒரு குடல்வாலை அகற்றினார்.

கைதட்டல் கிடைக்கவில்லை. மகளிர் மருத்துவர் ஒருவர் குடல்வாலில் கை வைப்பதா என்று பொது அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். அவரை மருத்துவம் பார்க்க விடாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைவரே எழுதினார். ஸெம் விடவில்லை. 1985-இல் பாப்லிங்கனில் எரிஷ் மியூஹே பித்தப்பையைத் துளைவழியே எடுத்தார். 1987-இல் லியான் நகரத்தில் பிலிப் மூரே அதையே செய்தார். 1988-இல் அமெரிக்காவின் ஹாரி ரீச் கர்ப்பப்பையை எடுத்தார். அதன்பின் வெள்ளம்போலப் பரவியது. அரையடி வெட்டுக்குப் பதில் மூன்று நான்கு துளைகள், அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை. வலி குறைந்தது, வீடு திரும்பும் நாள் முன்னே வந்தது. நோயாளிகள் மகிழ்ந்தார்கள். மருத்துவர்களின் விரல்கள்தான் தவித்தன.

துளைவழியே செல்லும் நீண்ட இடுக்கிக்கு வயிற்றுச் சுவர் ஏற்றமரத்தின் தாங்குகால் போல அமைந்தது. வெளியே கை கீழே போனால் உள்ளே முனை மேலே எழுந்தது. கை இடப்புறம் போனால் முனை வலப்புறம். பார்ப்பதோ திரையில், ஆழம் தெரியாத தட்டைப் படம். இதில் வழுவழுப்பான நூலைச் சுற்றி, நுனியைப் பிடித்து, நுழைத்து, இழுத்து முடிச்சிட வேண்டும். இரண்டாம் முடிச்சு விழுவதற்குள் முதல் முடிச்சு நெகிழ்ந்தது. கர்ப்பப்பையிலிருந்து நார்க்கட்டியை எடுத்த குழியில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது, இந்த ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் ரத்தத்தில் கணக்காயிற்று. எத்தனையோ திறமைசாலிகள் துளை அறுவையைத் தொடங்கி, தைக்க மாட்டாமல் வயிற்றைத் திறந்தார்கள். முடிச்சு இப்போது உண்மையான துன்பமாகிவிட்டது. அதற்கு விடை வயிற்று மருத்துவர்களிடமிருந்து வரவில்லை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டர்ஹம் நகரத்துப் பிளாஸ்டிக் சர்ஜன் கிரிகரி ரஃப். தோலையும் அடிச்சதையையும் நேர்த்தியாகச் சேர்ப்பது அவர் தொழில். முள் வைத்த இணைப்பான்களைச் சதைக்குள் செலுத்தும் கருவிக்கு 1994-இல் காப்புரிமை பெற்றார். பின்னால் உருவான நூலில் ஒரு புதிய யோசனை இருந்தது. நடுவிலிருந்து ஒரு பாதியின் முட்கள் இந்தப் பக்கம் சாய்ந்தன, மறுபாதியின் முட்கள் அந்தப் பக்கம். இரண்டு முனையிலும் ஊசி. காயத்தின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் தைத்துக்கொண்டு போனால், ஒரு பாதி மறுபாதியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தொடக்கத்திலும் முடிச்சு வேண்டாம், முடிவிலும் வேண்டாம். நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் குவில். முள்ளம்பன்றியின் முள்ளுக்கு ஆங்கிலப் பெயர் அதுதான். நம் காட்டு முள்ளம்பன்றியின் முள் வழவழப்பானது. வட அமெரிக்க முள்ளம்பன்றியின் முள்நுனியிலோ, நான்கு மில்லிமீட்டருக்குள் 700, 800 நுண்முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அதனிடம் மூக்கை நுழைத்த நாயின் முகத்திலிருந்து முள்ளைப் பிடுங்குவது பெரும் போராட்டம். தைத்தபின் பிடுங்க வராத நூலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது. அந்தப் பெயரில் ஒரு முன்னறிவிப்பும் ஒளிந்திருந்தது.

மெலிந்து அறும் பழைய சிக்கலுக்கும் வழி பிறந்தது. இயந்திரம் ஒரே ஆழத்தில் முள் செதுக்கியது. மெலிவதை ஈடுகட்டப் பருமனான நூலில் செதுக்கினார்கள். 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ரஃபின் நூலுக்கு அனுமதி தந்தது. 2008-இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஜேம்ஸ் கிரீன்பர்க்கும் ஜான் ஐனார்சனும், துளைவழியே நார்க்கட்டி எடுத்த கர்ப்பப்பையையும், கர்ப்பப்பை எடுத்தபின் யோனியின் மேல்வாயையும் இந்த நூலால் தைத்ததை எழுதினார்கள். அடுத்த ஆண்டு கோவிடியன் நிறுவனம் வி-லாக் என்ற போட்டி நூலைக் கொண்டுவந்தது: ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் சிறு வளையம், சென்டிமீட்டருக்கு 20 முட்கள், நூலைச் சுற்றிலும். முதல் தையல் போட்டு ஊசியை வளையத்துக்குள் நுழைத்தால் தொடக்கம் பூட்டிக்கொண்டது. பிறகு தைத்துக்கொண்டே போனால் போதும்.

அறுவை அரங்குகளில் பார்ப்டு சூச்சர் என்று இன்று சாதாரணமாகக் கேட்டு வாங்கப்படும் நூல் இப்படித்தான் பிறந்தது. குடலிறக்கத்துக்கு வலை வைத்தபின் வயிற்றின் உள்ஜவ்வை மூடவும், புராஸ்டேட் எடுத்தபின் சிறுநீர்ப்பையைச் சிறுநீர் வெளியேறும் குழாயோடு இணைக்கவும், உடல் பருமனுக்கான அறுவையில் இரைப்பையையும் குடலையும் சேர்க்கவும் அது போயிற்று. தைக்கும் நேரம் குறைந்தது. இழுத்த இழுப்பு தளராமல் நின்றது. முடிச்சுப் போடத் தடுமாறியவர்களின் கையும் நிமிர்ந்தது. இத்தனை நன்மைகளுக்கும் காரணமான அந்த ஒரு குணம், ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது.

2011-இல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் இருவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். துளைவழியே கர்ப்பப்பை எடுத்து, முள்நூலால் தைக்கப்பட்டவர். வீட்டுக்குப் போனபின் அவருக்குச் சிறுகுடல் அடைத்துக்கொண்டது. அதே ஆண்டில் பிரான்சிலிருந்து இன்னொரு கட்டுரை: இறங்கிய இடுப்பு உறுப்புகளைத் தூக்கிக் கட்டும் துளை அறுவைக்குப் பின் குடல் முறுக்கிக்கொண்டது. அங்கேயும் முள்நூல். பின்வந்த ஆண்டுகளில் குடலிறக்க அறுவைக்குப் பின்னும், ரோபோ அறுவைக்குப் பின்னும், இரைப்பை அறுவைக்குப் பின்னும் ஒன்றிரண்டாக இதே கதை வந்தது. வயிறு உப்பும், வாந்தி எடுக்கும், வாயு பிரியாது. அறுவை முடிந்த சில நாட்களில் வயிறு மந்தமாவது வழக்கம்தான். குடல் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை என்று நினைக்கத்தான் முதலில் தோன்றும். அடைப்புதான் என்று தெரிந்தாலும், ஒட்டுத்திசுவாக இருக்கும் என்றே மனம் போகும். காமிராவை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது.

தைத்த இடம் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. கோளாறு தையலில் இல்லை, தையல் முடிந்தபின் மிஞ்சிய நுனியில் இருந்தது. சதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிறு வால். சாதாரண நூலின் வால் அப்படி நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வம்பில்லை. வழுவழுப்பானது, குடல் உரசிக்கொண்டு போய்விடும். இந்த வாலிலோ சுற்றிலும் முட்கள். சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம், ஓயாமல் நெளிந்துகொண்டே இருப்பது. நெளியும்போது அதன் ஒரு மடிப்போ, அதைத் தாங்கும் ஜவ்வோ வாலின் நுனியில் மாட்டியது. நுனிப்பக்கமிருந்து உள்ளே போவதற்கு முட்கள் வழி விட்டன. சதைக்குள் நுழைய வழிவிடுவது போலவே. குடல் நெளிய நெளிய இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறியது. திரும்ப முயன்றபோது ஒவ்வொரு முள்ளும் விரிந்து பிடித்தது. எந்தக் குணத்துக்காக அல்காமோ அந்த முட்களை வரைந்தாரோ, அந்தக் குணம் ஆள் மாறி வேலை செய்தது. பற்றிய இடத்தை அச்சாக வைத்துக் குடல் மடங்கியது, சிலருக்கு முறுக்கிக்கொண்டது. நூல் கரைந்துவிடும் வகைதானே என்று காத்திருக்கவும் வழியில்லை. அது கரைய மாதங்கள் ஆகும். ரத்த ஓட்டம் நின்ற குடலுக்கு மணி நேரங்கள்தான் தவணை.

ஆயிரமாயிரம் பேருக்குத் தைத்ததில் இது அபூர்வமாகவே நடந்தது. ஆனால் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நம்பிக்கை சொல்லி அழைத்து வரப்பட்ட ஒருவர் மறுபடி மயக்க மருந்து மேசைக்குப் போவது, எண்ணிக்கை சிறியது என்பதால் சிறிய துயரம் ஆகிவிடாது. அதனால்தான் தங்கள் நோயாளிக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதிய அந்த மருத்துவர்களை இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் எழுதியதால்தான், வயிறு உப்பி வந்த அடுத்த நோயாளியிடம் 'என்ன நூலால் தைத்தது?' என்ற கேள்வி எழுந்தது. பலருக்கு மறு அறுவை எளிதாகவே முடிந்தது: வாலைக் கத்தரித்ததும் குடல் விடுபட்டு நிறம் திரும்பியது. காலம் கடந்து வந்தவர்களுக்குக் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேர்ந்தது.

முடிச்சு இருந்தவரை, நூல் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. முடிச்சுக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது கையில் ஊறிய பழக்கம். ஒட்ட வெட்டினால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று மாணவப் பருவத்திலேயே கற்றது. முடிச்சில்லாத நூலிலும் கை அதே பழக்கத்தில் கொஞ்சம் வால் விட்டது. லிஸ்டர் வெட்டிய வால் இப்படித்தான் நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து வேறு வேடத்தில் திரும்பி வந்தது. திருத்தம் பெரிய கண்டுபிடிப்பு எதையும் கேட்கவில்லை. வரிசை முடிந்ததும் ஊசியைத் திருப்பி, வந்த வழியே இரண்டு தையல் பின்னால் போட்டார்கள். கடைசி நுனியைச் சதைக்குள் புதைத்தார்கள். முடிந்த இடங்களில் உள்ஜவ்வை மேலே இழுத்து மூடி, குடல் பார்க்கும் பக்கத்தில் முள் ஒன்றுகூடத் தெரியாமல் மறைத்தார்கள்.

பிறகு காமிரா அருகே வந்தது. திரை முழுவதையும் அந்த ஓர் இடம் நிறைத்தது. கத்தரியின் இரு அலகும் சதையின் மேல் படிந்து ஒருமுறை மூடின. ஊசியையும் அதோடு வந்த மிச்ச நூலையும் இடுக்கி கவ்வித் துளைவழியே வெளியே எடுத்தது. செவிலியர் ஊசியை எண்ணிக் கிண்ணத்தில் போட்டார். நூலின் முட்கள் கையுறையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.